நாசருக்கு எதிராக ஒரு கையெழுத்து

அழகிரிசாமி கொள்கை பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் என்பது சிங்காநல்லூர் பேக்கரிக்காரருக்கே தெரியும். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேலே பேசுவார். முப்பத்தாறு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்தும் ராமாமணிக்கு அந்தப் பேச்சு மொத்தமும் மனப்பாடம். இரண்டு பேர் மனமொத்து ஒரு வியாபாரம் பேசினால் மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. அந்த மூன்றாவது ஆள் அரசாங்கமாக இருந்தால் அறவே வேலை இல்லை. அவரவர் உழைப்பு அவரவருக்கு. அடுத்தவர் மேல் கை வைக்காத வரை ஒருவரை ஏன் என்று கேட்க இன்னொருவருக்கு உரிமை கிடையாது. இதற்கு இங்கிலீஷில் லிபர்ட்டேரியன் என்று ஒரு பெயர் இருப்பதைப் புனேயில் வேலை பார்க்கும் மகன் ரோஹன் போனில் சொன்னபோது, "பேரு தெரியாமயே இத்தன வருசமா அதா இருந்திருக்கேன் பாரு" என்று பூரித்துப்போனார். ராமாமணிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிடிவாதக்காரர் என்ற பெயரும் தெரியாமல்தான் அவர் அதுவாக இருந்தார்.

இருவரும் வீட்டில் பேசுவது தெலுங்கு. வியாபாரம், கொள்கை, கோபம் மூன்றுக்கும் தமிழ். அவர் தமிழுக்கு மாறிவிட்டால் ராமாமணி அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஸ்ரீனிவாஸ் வந்தபோது தமிழ்தான். ஸ்ரீனிவாஸ் தூரத்துச் சொந்தம். பீளமேட்டில் பட்டறை வைத்திருப்பவன், கெபாசிட்டர் செய்கிறவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். கெபாசிட்டர் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. மோட்டார் கிளம்ப ஒரு உதை வேண்டும், அந்த உதையைக் கொடுக்கிற கட்டைவிரல் தடிமன் டப்பா. வீட்டு ஃபேனிலும் இருக்கும், தோட்டத்துப் பம்பிலும் இருக்கும். அழகிரிசாமியின் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே, இரண்டு தென்னைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே ஒன்பது பெண்கள் மெல்லிய பிளாஸ்டிக் பிலிமைச் சுற்றி அதைத்தான் செய்தார்கள்.

"மாமா, சைனாக்காரன் விக்கற வெலைக்கு நமக்கு உள்ள போற சாமானங்கூட வாங்க முடியறதில்லீங்க" என்றான் ஸ்ரீனிவாஸ். "டெல்லிக்கு மனு எழுதியாச்சு. வர்ற சரக்குக்கு மேல்வரி போடச் சொல்லிக் கேக்கறோம். நாட்டுல செய்யறதுல நாலுல ஒரு பங்காவது மனுவுல சேந்திருக்கோணும்னு ரூலு. பெரிய கம்பெனி ரெண்டு வந்திருச்சு. ஆனாலும் துளியூண்டுல நிக்குதுங்க. உங்க பட்டறை சேந்தா எட்டிருவோம்."

"வரியக் கட்டறது யாரு ஸ்ரீனி? சைனாக்காரனா?" என்றார் அழகிரிசாமி. "கெணத்துக்கடவுல தென்னைக்குத் தண்ணி கட்டறவன். அவன் சட்டைச் சோப்புல கைய உட்டுக் காச எடுத்து எனக்குக் குடுங்கன்னு நான் டெல்லிக்கு எழுதோணுமா?"

"அவுங்க கவர்மெண்டே மானியம் குடுத்து நம்மள அடிக்குதுங்களே, அது மட்டும் நியாயமான வியாபாரமுங்களா?"

"இல்லதான். அவன் ஊரு சனத்துகிட்டப் புடுங்கி நமக்கு மலிவாக் குடுக்கறான். அவன் அவன் சனத்தக் கொள்ளையடிக்கறான்னு, நம்மாளு நம்ம சனத்தக் கொள்ளையடிக்கோணுமா? நாளைக்கு நம்முளுக்கு பிலிம் விக்கற கம்பெனிக்காரன், எனக்கும் ஒரு வரி போட்டுக் குடுங்கன்னு போயி நிப்பான். அப்ப நாமதான் உக்காந்து அழுகோணும்."

ஸ்ரீனிவாஸ் ராமாமணியைப் பார்த்தான். "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க. வெள்ளிக்கெழம கடைசி." பதிலுக்கு நிற்காமல் படிவத்தை டீப்பாயின் மேல் வைத்துவிட்டுப் போனான். அழகிரிசாமி அதைத் தொடாமல் எழுந்து பேக்கரிக்குப் போய்விட்டார்.

ராமாமணி தன் டீயைக் குடித்து முடித்தாள். கணவர் சொன்னது ஒன்றும் புளுகு இல்லை என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு ரோல் பிலிம் இறக்குமதி செய்ய அனுமதி கேட்டு அவர் பதினான்கு மாதம் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். ஒவ்வொரு மேஜைக்கும் கும்பிடு போட்டுத் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கொள்கை புத்தகத்திலிருந்து வந்ததல்ல, அந்தக் கட்டிலிலிருந்து வந்தது. ஆனால் பட்டறையில் போன வருஷத்துக்கு இந்த வருஷம் பாதி வேலைதான். வாரத்தில் இரண்டு நாள் மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. இப்படியே போனால் தைப்பொங்கலுக்குள் பூட்ட வேண்டியதுதான் என்று அவரே அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டார். சொன்ன அன்று அவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தட்டுக்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். ராமாமணிக்கு வேண்டியது ஒன்றுதான். பட்டறை பூட்டக் கூடாது, இந்த மனுஷனுடைய மனசும் உடையக் கூடாது. இரண்டையும் ஒன்று என்று எண்ணிக்கொள்வது அவள் பழக்கம்.

படிவத்தை எடுத்துப் படித்தாள். முதல் வரியில் பட்டறையின் பதிவு எண் கேட்டிருந்தார்கள். அது எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று பீரோவில் இருந்த பதிவுச் சான்றிதழை எடுத்தாள். எண்ணுக்குக் கீழே உரிமையாளர் பெயர் என்று இருந்த இடத்தில் அ. ராமாமணி என்று அச்சடித்திருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் புது மெஷின் வாங்கக் கடன் கேட்டபோது, பெண் தொழில்முனைவோர் என்றால் வட்டி குறைவு என்று பேங்கு மேனேஜர் சொன்னார். அரசாங்கச் சலுகையே கூடாது என்று ஊரெல்லாம் முழங்குகிறவர் அன்றைக்கு மட்டும் கொள்கையைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு, பட்டறையை அவள் பேருக்கு மாற்றிவிட்டார். காட்டின இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். கோயம்புத்தூரில் இப்படிப் பெண்கள் பேரில் இருக்கிற பட்டறைகளை எண்ணினால் விரல் போதாது. பேர் ஒருத்தருடையது, பட்டறை இன்னொருத்தருடையது என்பது எல்லோருக்கும் சர்வசாதாரணம். கடைசியில் பேருக்குச் சொந்தக்காரிக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனாள். கெபாசிட்டரைச் சோதிக்கிற மேஜை அவளுடைய இடம். பெண்கள் பிலிமை இழுத்துச் சுற்றி, டப்பாவில் அடைத்து, பசை ஊற்றி அனுப்புவார்கள். ஒவ்வொருத்தியும் தான் சுற்றினதன் அடியில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். ஆளுக்கு ஒரு நிறம். எந்தச் சரக்காவது பழுதாகித் திரும்பி வந்தால் யார் சுற்றினது என்று தெரிய வேண்டுமே. பட்டறையிலேயே மூத்தவளான நஞ்சம்மாளுடையது அரக்குச் சிவப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அரக்குச் சிவப்புப் புள்ளி திரும்பி வந்தது நான்கு முறைதான்.

அன்றைக்கு நஞ்சம்மாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய கெபாசிட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க்கா, இத ஒரு தடவ பாத்துக் குடுங்க. எங்கண்ணன் தோப்புல மோட்டாரு உர்ருன்னு நிக்குது, ஓட மாட்டீங்குது."

ராமாமணி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் புள்ளியே இல்லை.

"இது நம்முளுது இல்லியே."

நஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இல்லீங்க்கா. சைனாவுது. போன சித்திரையில வாங்குனது. நம்முளுது வாங்கோணும்னுதான் நெனச்சோம். அதுல பாதி வெலை சொன்னாங்க. அண்ணனுக்கு அப்பத்தான் காலு ஆபரேசனு. மன்னிச்சுப்போடுங்க."

இருபத்திரண்டு வருஷமாகக் கெபாசிட்டர் சுற்றுகிறவள் தன் வீட்டுக்கு வாங்கினது சைனாக் கெபாசிட்டர். ராமாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, இவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. ஒன்றும் பேசாமல் ஒயரைக் கொக்கியில் மாட்டினாள். பழுதாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள், அதைச் சொல்வதற்கென்ன வெட்கம். பழுதாக இருந்தால் எல்லாம் சுலபமாகிவிடும். மட்டமான சரக்கைத் தடுக்கத்தான் கேட்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

மீட்டரின் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இன்னொரு தடவை மாட்டினாள். அதே இடம். சுத்தமான சரக்கு.

"கெபாசிட்டரு நல்லாத்தான் இருக்குது நஞ்சம்மா" என்றாள். "மோட்டாருல காயில் போயிருக்கும். வைண்டிங் கடையில காட்டச் சொல்லு."

"வெசனப்படாதீங்க்கா. அடுத்த தடவ நம்முளுதே போட்டுக்கறோம்."

"எது மலிவோ அத வாங்கு. காலு சரியாப் போச்சா அண்ணனுக்கு?"

புதன்கிழமை சாயங்காலம் அழகிரிசாமி பேக்கரிக்குப் போகக் கிளம்பியபோது, "ஏனுங்க, செத்த உக்காருங்க" என்று ராமாமணி தமிழில் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேங்கறது கொள்கைக்காகவா, நாசரண்ணனுக்காகவா?"

அப்துல் நாசர் டவுன்ஹால் பக்கம் எலெக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவர். அழகிரிசாமி பட்டறை வைத்த முதல் வருஷம், பையில் ஐம்பது கெபாசிட்டரைப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினபோது, உட்காரச் சொன்ன ஒரே கடை அது. யார் சிபாரிசும் இல்லை. பார்த்தார், பிடித்தது, வாங்கினார். அன்று முதல் இரண்டு பேரும் சிநேகிதர்கள். வாங்க போங்க என்ற மரியாதைகூட இன்று வரை மாறவில்லை, கோயம்புத்தூரில் அது நெருக்கத்துக்குக் குறுக்கே நிற்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கு வந்து, சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "சாமி, எல்லாக் கடையிலயும் சைனாச் சரக்கு வந்துருச்சுங்க. நானும் எறக்கப்போறேன். உங்களுதையும் வெப்பேன், ஆனா முன்ன மாதிரி ஓடாது. வேற ஆளு சொல்லி உங்க காதுக்கு வர்றதுக்குள்ள நானே சொல்லிப்போடலாம்னு வந்தேன்." அழகிரிசாமி அன்றைக்குச் சிரித்தார். "உங்க கடை, உங்க இஷ்டமுங்க. எறக்குங்க. மொதல்ல சாப்புடுங்க." அதற்கப்புறம்தான் நாசர் சாப்பிட்டார்.

"ரெண்டுக்குந்தான்" என்றார் அழகிரிசாமி இப்போது.

"எது மொதல்ல?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரியல ராமா. கொள்கை சொல்லி நான் பட்டறை வெச்சேன், அந்தக் கொள்கைப்படி ஒருத்தரு பாத்து வாங்குனாரு, அவரு சிநேகிதமாயிட்டாரு. முப்பத்தாறு வருசமா ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சு. இப்பப் பிரிச்சுச் சொல்லுன்னா எப்புடிச் சொல்றது?"

ராமாமணிக்கு அந்த நிமிஷம் அவர்மேல் அத்தனை பிரியம் வந்தது. சான்றிதழைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் பின்பக்கத்தில் மெஷின்கள் நின்று, பெண்கள் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சான்றிதழை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"லோனுக்காக மாத்துனது. மறந்தே போச்சு."

"எனக்கும் மறந்துதான் போச்சுங்க." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பதினெட்டு வருசமா என்ற பேர்ல இருக்கற பட்டறை. அது மனுவுல சேரட்டுமா வேண்டாமான்னு ஸ்ரீனி என்னையக் கேக்கல. நீங்களும் கேக்கல. எனக்கே கேட்டுக்கத் தோணல. அடுத்தவங்க இஷ்டத்துல கை வெக்கக் கூடாதுன்னு பேக்கரியில உக்காந்து நீங்க பேசறப்ப, அதுல என்ற இஷ்டமும் சேத்தியா இல்லியாங்க?"

அழகிரிசாமியின் முகம் சிவந்தது. விவாதத்தில் அவரை யாரும் மடக்கி அவள் பார்த்ததில்லை. எங்கேயாவது ஒரு இடுக்கு வழியாக வெளியே வந்துவிடுவார். இந்தத் தடவை அவர் இடுக்குத் தேடவே இல்லை.

"சேத்திதான்" என்றார்.

"அப்ப நான் போடறேனுங்க."

"சைனாச் சரக்கு மட்டம்னு ஸ்ரீனி சொல்றத நம்பியா?"

"இல்லீங்க. நேத்து நானே மாட்டிப் பாத்தேன், நல்ல சரக்கு. நஞ்சம்மா ஊட்டு மோட்டாருல இருந்தது." அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணில் ஒரு நிமிஷம் பழைய பளபளப்பு வந்தது. பேக்கரியில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

"பாத்தியா? நான் சொல்றதுதான் இது. வரி போட்டா அடிபடறது நஞ்சம்மாவோட அண்ணன்தான்."

"நீங்க சொல்றது நெசந்தாங்க. ஆனா மலிவா வாங்கறதுக்கும் நஞ்சம்மா கையில சம்பளம் வேணுமில்லீங்களா? நான் காலத்துக்கும் கேக்கல. ஒரு நாலஞ்சு வருசம் அவகாசம். அதுக்குள்ள நாமளும் மெசினு மாத்திக்கலாம், அவுங்களும் வேற சோலி பழகிக்குவாங்க."

"அந்த அவகாசத்துக்குக் காசு கட்டறது தென்னந்தோப்புக்காரன்."

"ஆமாங்க. அதுல தப்பே இல்லைன்னு நான் சொல்லல. தப்புன்னு தெரிஞ்சும் போடறேன். ஒம்பது பேரோட மூஞ்சியப் பாத்துட்டு என்னால போடாம இருக்க முடியல."

அவர் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு சான்றிதழை மடித்து அவளிடம் கொடுத்தார். "உன்ற கையெழுத்து. நான் குறுக்க வர மாட்டேன்." அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பேக்கரிக்குப் போகவில்லை. பின்கட்டில் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடும்போது பேசினார், உப்பு, மழை, ரோஹன் என்று எல்லாம் தெலுங்கில் பேசினார். ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் ராமாமணி தாங்கியிருப்பாள். இனிமேல் இவர் தன்னிடம் வாதாடவே மாட்டாரோ, மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிடுவாரோ என்று பயந்தாள்.

வியாழக்கிழமை பஸ் ஏறி டவுன்ஹாலுக்குப் போனாள். ஒருவருக்கு எதிராக ஒன்றைச் செய்வதானால் நேரில் போய்ச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நாசர் அன்றைக்கு அதைத்தான் செய்தார்.

நாசர் கல்லாவில் இருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் மகள் ரிஃபானா. கடையில் பாதிப் பொறுப்பு இப்போது அவளுடையது. "வாங்கம்மணி, வாங்க" என்று நாசர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது.

"அண்ணா, சைனாக் கெபாசிட்டருக்கு மேல்வரி கேட்டு டெல்லிக்கு மனுப் போகுதுங்க. நாளைக்கு நான் அதுல கையெழுத்துப் போடறேன். வேற ஆளு சொல்லித் தெரிய வேண்டாம்னு வந்தேன்."

ரிஃபானாவின் கை கீபோர்டில் நின்றது. "அத்தை, புதுச் சரக்கு கப்பல்ல வந்துட்டிருக்கு. அத்தாவும் நானும் இருக்கற காசெல்லாம் போட்டு எடுத்தது."

"தெரியாது கண்ணு" என்றாள் ராமாமணி. உண்மையிலேயே அது அவளுக்குத் தெரியாது. கையில் இருந்த டீ கனத்தது.

நாசர் மகளைக் கை காட்டி நிறுத்தினார். "சாமி போட மாட்டேன்னுட்டாருங்களா?"

"மாட்டேன்னுட்டாருங்க. பட்டறை என்ற பேர்ல இருக்குது. நாந்தான் போடறேன்."

"ஓ" என்றார் நாசர். "எத்தன பேரு இப்ப வேலைல?"

"ஒம்பது பேருங்க."

"நஞ்சம்மா இருக்குதா இன்னும்?"

"இருக்குதுங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நான் அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுச் செஞ்சேன். நீங்க இன்னிக்கு வந்து சொல்லிப்போட்டீங்க. முறை சரியாத்தான் இருக்குது. உங்க எடத்துல இருந்தா நானும் போட்டிருப்பேன். ஆனா கோவம் வருதுங்கம்மணி. வரலைன்னு சொன்னா பொய்யி. சிரிச்சுக்கிட்டே உங்க ஊட்டுல வந்து உக்காந்து சாப்புட என்னால ஆகாது. ஒரு ஆறு மாசம் வர மாட்டேன். சாமி போன் பண்ணுனாலும் எடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் வருவேன்."

"அத்தா, இதென்ன சின்னப் புள்ளையாட்டம்" என்றாள் ரிஃபானா.

"ஆறு மாசம்னா ஆறு மாசந்தான்." நாசர் ராமாமணியின் டம்ளரைப் பார்த்தார். "டீயக் குடிங்க. ஆறுது."

அவள் குடித்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்காநல்லூர் பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, அவள் ஏறி உட்காரும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ராமாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் ஆறு மாசமா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினபோது அழகிரிசாமி ஸ்கூட்டரை எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஏறி உட்காரச் சொன்னார், அதுவும் தெலுங்கில். பீளமேட்டில் சங்க ஆபீஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, தான் அங்கேயே இருப்பதாகத் தெலுங்கிலேயே சொன்னார். அதற்குமேல் அவரை உள்ளே கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

உள்ளே ஸ்ரீனிவாஸும், நோட்டரி வக்கீல் ஒருவரும் இருந்தார்கள். சான்றிதழைப் பார்த்ததும் ஸ்ரீனிவாஸ் வாயைப் பிளந்தான். "அத்தை, உங்க பேர்லயா இருக்குது?"

"ஆமா. உனக்கும் தெரியலையா?"

வக்கீல் உறுதிமொழிப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். யாருடைய வற்புறுத்தலோ தூண்டுதலோ இன்றி, முழு மனதுடன் இதில் கையொப்பம் இடுகிறேன். ராமாமணி நிதானமாக எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். வக்கீல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு சாட்சி வேணுமுங்க. உங்களத் தெரிஞ்சவங்களா இருக்கோணும். இவரு மனுவுல இருக்கறதால போட முடியாது. கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

ஸ்ரீனிவாஸ் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "பக்கத்துக் கம்பெனியில யாரையாச்சும் கூப்புடறேனுங்க" என்றான்.

"வேண்டாம்" என்று வாசலில் குரல் கேட்டது. அழகிரிசாமி நின்றிருந்தார். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. "சாட்சி எதுக்குங்க? மனு சொல்றது சரின்னு சொல்றதுக்கா?"

"இல்லீங்க. மனுவுக்கும் சாட்சிக்கும் சம்பந்தம் இல்ல. இவங்க சுயமா, யாரும் வற்புறுத்தாமப் போட்டாங்கங்கறதுக்கு மட்டுந்தான்."

அவர் வந்து பத்திரத்தைக் கையில் எடுத்தார். மேலே இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் படித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இரண்டு நாளாக அவளிடம் பேசாத தமிழ் வந்தது.

"ராமா, உன்னைய யாராச்சும் வற்புறுத்துனாங்களா?"

"இல்லீங்க."

"ஸ்ரீனி?"

"இல்லீங்க."

"நான்?"

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விஷயத்தில் அவர் வற்புறுத்தியிருக்கிறார். புது மெஷினிலிருந்து ரோஹன் படிப்பு வரை. இதில் இல்லை. தன் வாழ்நாள் பேச்சுக்கும் உயிர்ச் சிநேகிதத்துக்கும் எதிராக அவள் எழுந்தபோது, அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

"நீங்களும் இல்லீங்க" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அழகிரிசாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பத்திரத்தை மேஜையில் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாட்சி என்ற இடத்தில், தன் முழுப் பெயரையும் முகவரியையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மனுவ எதுத்து நானும் டெல்லிக்கு ஒரு கடுதாசி எழுதுவேன்" என்றார் பேனாவை மூடிக்கொண்டே.

"எழுதுங்க. எனக்குக் காட்டிப்போட்டு அனுப்புங்க. நீங்க எழுதுனா நம்பரு பூராத் தப்பா இருக்கும்."

"அதெல்லாம் தப்பா இருக்காது. நீ சொல்றதுதான் தப்பு." அவர் குரலில் பேக்கரிச் சூடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ராமாமணிக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. என்னதான் ஆனாலும் இந்த மனுஷன் தன்னோடு சண்டை போடுவார்.

வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் திரும்பாமல் அவர் டவுனைப் பார்த்துத் திருப்பினார்.

"எங்கீங்க போறீங்க?"

"நாசரு கடைக்கு."

"ஆறு மாசம் பேச மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்களே."

"பேசாட்டிப் போறாரு" என்றார் அழகிரிசாமி. "கடையில ஒரு ஓரமா உக்காந்துட்டு வர்றதுக்கு அவரு எதுக்குப் பேசோணும்?"